தொண்டே தொழிலாக: நிலைத்து நிற்கும் நெறி



பட்டப்படிப்பை முடித்த மகள் ஒருநாள் மாலை பெற்றோர் முன் வந்து நின்று, "எனக்கு வங்கித் தேர்வும் வேண்டாம், வெளியூர்க் கம்பெனி வேலையும் வேண்டாம். பார்வையிழந்தோருக்காக உழைக்கும் ஒரு நிறுவனத்தில் சேரப் போகிறேன்" என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இல்லத்தில் என்ன நிகழும்? தாய்க்குப் பெருமையும் கவலையும் ஒருசேர எழும். தந்தை சற்று நேரம் பேசாதிருந்து, "நல்லதுதான் அம்மா, ஆனால் எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார்.

மகள் இதனைத் தன்னலம் என்று எண்ணி மனம் வருந்தக்கூடும். உண்மையில் தொண்டில் இறங்க விரும்பும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா இதுவே. ஓராண்டு உற்சாகமாக உழைத்து, உடலும் மனமும் தளர்ந்து, கடனும் கசப்புமாக வீடு திரும்புபவரால் பயனடைவோர் சிலரே. முப்பது ஆண்டுகள் ஒரே பணியில் நிற்பவரால் ஓர் ஊரே பயனடையும். ஆகவே தொண்டு செய்யும் ஆர்வத்தைப் பற்றி அன்றி, அந்தத் தொண்டு நிலைத்து நிற்பதற்கான வழியைப் பற்றியே இப்பாடம் ஆராய்கிறது.

1. இரண்டு அளவுகோல்கள்

நம் அறநெறி விரதங்களை இருவகையாக வகுத்துள்ளது. முனிவர்க்குரியவை மாவிரதங்கள், இல்லறத்தார்க்குரியவை அணுவிரதங்கள். பொருட்பற்றை முனிவர் முற்றிலும் துறக்கின்றனர். இல்லறத்தாரோ தமக்கு இவ்வளவு போதும் என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை விரும்பாதிருக்கின்றனர். மிகுபொருள் விரும்பாமை என்பது இதுவே.

இவ்வேறுபாட்டை மறப்பதனால்தான் தொண்டு நிறுவனங்களில் பல துன்பங்கள் நேர்கின்றன. "தொண்டு செய்ய வந்தவருக்குச் சம்பளம் எதற்கு?" என்று கேட்பவர், இல்லறத்தாரை முனிவரின் அளவுகோலால் அளக்கிறார். மனைவி மக்களைப் பேணுதல், முதிய பெற்றோரைக் காத்தல், விருந்தோம்பல், தானம் ஆகியன இல்லறத்தாரின் கடமைகள். கையில் ஒன்றுமில்லாதவர் இவற்றை எவ்வாறு நிறைவேற்றுவார்? நேர்மையான உழைப்புக்கு நேர்மையான ஊதியம் பெறுவது தொண்டுக்கு மாசாகாது. எல்லையின்றி விரும்புவதே மாசு.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் நாம் அறிவோம். அக்காலத்தில் செல்வரின் கொடையால் நடந்த இவற்றுள் பலவும் இன்று மருத்துவமனைகளாகவும் கல்விக்கூடங்களாகவும் காப்பகங்களாகவும் வளர்ந்துள்ளன. கொடுப்பவரின் பொருள் மட்டும் இவற்றை நடத்துவதில்லை. அங்கு நாள்தோறும் பணிபுரிவோரின் வாழ்நாளே இவற்றை நடத்துகிறது. அந்த வாழ்நாள் வீணாகாமல் பயன்படும் முறையை, நாமறிந்த இரு நிறுவனங்களின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

2. மதுரை கற்பிக்கும் பாடம்

தென் தமிழ்நாட்டின் வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1918 ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் கோ. வேங்கடசாமி. உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் உயிரிழந்ததைச் சிறுவயதில் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944 இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அக்காலத்தில் கொடிய முடக்குவாத நோய் அவரைப் பற்றியது. 1948 இல் இராணுவத்தினின்று விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் வளைந்து திருகிப்போயின. மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

அவர் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, அறுவை செய்யப் பழகினார். 1956 இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார். 1973 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976 இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இளைஞர்கள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அவர் மருத்துவமனை தொடங்கியது வாழ்வின் பிற்பகுதியில். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அரசு ஊதியம் பெற்றுக்கொண்டே திறமையைத் தேடினார். மக்களின் தேவையை நேரில் கண்டார். உடன் உழைப்போரைப் பயிற்றினார். "தொண்டு செய்ய வேண்டுமாயின் இன்றே வேலையை விட வேண்டும்" என்று எண்ணித் துடிப்போர்க்கு இவ்வரலாறு நல்ல மருந்தாகும். திறமையற்ற இரக்கம் நோயாளியின் கண்ணைத் திறவாது.

வருவாய் பெற்ற முறை. புதிய மருத்துவமனை நன்கொடையையே நம்பி நிற்கவில்லை. கட்டணம் செலுத்த இயன்றவர் செலுத்தினர்; அதில் மிஞ்சியதைக் கொண்டு இயலாதவர்க்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. யார் ஏழை என்று சான்றிதழ் கேட்பதில்லை. எப்பிரிவில் சிகிச்சை பெறுவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். அறையிலும் வசதியிலும் வேறுபாடு உண்டு. மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் மாறி மாறிப் பணிபுரிகின்றனர். கட்டடத்தையும் கையில் பணம் சேரச் சேரவே தளம் தளமாக உயர்த்தினர்.

வேலை நடந்த முறை. ஒரே மருத்துவர் நாளொன்றுக்குப் பலருக்கு அறுவை செய்யும்படி பணிகள் பகுக்கப்பட்டன. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். எல்லா ஊர்களிலும் ஒரே தரத்தில் வேலை நடத்தும் ஒழுங்கை, அமெரிக்காவின் மக்டொனால்ட் உணவகங்களைக் கண்டு டாக்டர் வியந்தார். அங்கு விற்கப்படும் பண்டம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கொள்ளத்தக்க முறை எங்கிருப்பினும் அதனைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுதல் அறிவுடையார் செயல்.

இலவசமும் போதாமை. முகாமில் கண்புரை என்று அறிந்த பின்னும் பலர் இலவச அறுவைக்கு வரவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, பேருந்துக் கட்டணம், உணவு, இழக்கும் கூலி, துணைக்கு வர ஆளின்மை ஆகியன தடையாக இருந்தமை தெரிந்தது. ஆகவே நோயாளிகளை ஊர்தியில் அழைத்து வந்து, உணவும் அளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் முறை ஏற்பட்டது. "இலவசமாகத்தானே தருகிறோம், வராதது அவர்கள் குற்றம்" என்று அங்கு எவரும் அமைதி கொள்ளவில்லை. தொண்டில் இருப்பவர் தம் வேலையைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

வில்லையின் வரலாறு. கண்புரையை நீக்கிய பின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை மிக அதிகம். ஆகவே பணம் செலுத்தியவர்க்கு வில்லையும், ஏழைக்குத் தடித்த மூக்குக் கண்ணாடியும் என்ற நிலை இருந்தது. அக்கண்ணாடி உடைந்தால் அம்மனிதர் மீண்டும் பார்வையற்றவரே. இவ்வேற்றுமையைப் பொறுக்காமல், 1992 இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி வில்லையை மதுரையிலேயே செய்யலாயினர். அதன் விலை இறக்குமதி வில்லையின் விலையில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. ஏழைக்கும் அதே வில்லை கிடைத்தது. பிற நாடுகளுக்கும் அது செல்கிறது. இத்தொழிற்கூடத்தில் பொறியாளர்க்கும் கணக்கர்க்கும் வேலை உண்டு. தொண்டுக்கு மருத்துவர் மட்டுமே வேண்டும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

கிராமத்துப் பெண்கள். இந்நிறுவனத்தின் முதுகெலும்பாக விளங்குவோர் பள்ளிக் கல்வி முடித்துச் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். உதவித்தொகையுடன் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, பார்வைச் சோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளிக்கு ஆலோசனை கூறுதல் முதலிய பணிகளை ஊதியம் பெற்றுச் செய்கின்றனர். தம் ஊதியத்தால் தம் குடும்பத்துக்குத் துணை நின்றுகொண்டே பிறர்க்குப் பார்வை கிடைக்க உழைக்கும் இவர்களை, தொண்டரென்றும் சொல்லலாம், பணியாளரென்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இடையே பகையில்லை.

டாக்டர் வேங்கடசாமி தம் மருத்துவமனையிலிருந்து ஊதியம் பெறவில்லை என்பதைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அவர் மணம் புரியாதவர். அரசின் ஓய்வூதியம் அவருக்கு இருந்தது. அவருடன் தொடக்கம் முதல் உழைத்த தங்கை டாக்டர் நாச்சியாரும் மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் இல்லறத்தார். ஒருவரின் துறவை மற்றவரின் சம்பளப் பட்டியலாக்குதல் முறையன்று.

அவர் 2006 ஆம் ஆண்டு மறைந்தார். மருத்துவமனை மறையவில்லை. பல ஊர்களில் கிளைத்து, இன்று ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை மற்றும் லேசர் சிகிச்சைகளை அது செய்து வருகிறது. "எத்தனை நாளைக்கு?" என்னும் வினாவுக்கு இதுவே விடை: தொடங்கியவரின் ஆயுளையும் கடந்து.

3. ஜெய்ப்பூர் கற்பிக்கும் பாடம்

மதுரையின் வழியே ஒரே வழி என்று கொள்ளுதல் ஆகாது. இராஜஸ்தானத்தின் தலைநகர் ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பணிபுரிந்த இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞர் அதிகம் பள்ளியில் படித்தவர் அல்லர். காலிழந்தோர்க்கு அளிக்கப்பட்ட வெளிநாட்டு வகைச் செயற்கைக் கால், காலணிக்குள் இருக்க வேண்டியது. அதனை அணிந்து சம்மணமிட இயலாது. சேற்று வயலில் நடக்க இயலாது. டயருக்கு இரப்பர் பதிக்கும் தொழிலைக் கண்ட சர்மாவுக்கு, அதே முறையில் பாதம் செய்யலாம் என்னும் எண்ணம் தோன்றியது. எலும்பு மருத்துவர் டாக்டர் பி. கே. சேத்தி முதலியோர் துணையுடன் 1968 அளவில் ஜெய்ப்பூர்க் கால் உருவாயிற்று. வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி அமரவும், வயலில் இறங்கவும் அது உதவியது. டாக்டர் சேத்தி 1981 இல் மகசேசே விருது பெற்றார்.

எனினும் தொடக்க ஆண்டுகளில் அக்காலால் பயன்பெற்றோர் சிலரே. பொருள் இருந்தது, அதனை வேண்டுவோரிடம் சேர்க்கும் அமைப்பு இல்லை. அவ்வமைப்பை ஏற்படுத்தியவர் அரசு உயர் அதிகாரியாயிருந்த திரு. டி. ஆர். மேத்தா. 1969 இல் நேர்ந்த விபத்தில் கால் எலும்பு நொறுங்கி, அதனை இழக்கும் நிலைவரை சென்று மீண்டவர் அவர். பகவான் மகாவீரரின் 2500 ஆவது நிர்வாண ஆண்டையொட்டி, 1975 இல் பகவான் மகாவீர் விக்லாங்க் சகாயதா சமிதியை அவர் நிறுவினார். நம் சமூகத்தார் பெருமையுடன் நினைக்கத்தக்க அமைப்பு அது. அங்குச் செயற்கைக் கால் முற்றிலும் இலவசம். நோயாளிக்கும் துணைக்கு வருவோர்க்கும் தங்குமிடமும் உணவும் உண்டு. கட்டணமே பெறாத இவ்வமைப்பு, நன்கொடையாலும் அரசு உதவியாலும் பல இலட்சம் பேரை நடக்கச் செய்துள்ளது. தரும் பொருளின் செலவை மிகக் குறைவாக வைத்திருப்பதே அதன் வலிமை.

திரு. மேத்தா தம் உத்தியோகத்தை விடவில்லை. அரசுப் பணியில் உயர்ந்து, 1995 முதல் 2002 வரை பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் தலைவராகவும் இருந்தார். பணியில் கற்ற நிர்வாகத் திறமை தொண்டுக்குப் பயன்பட்டது.

ஆகவே வழிகள் பல. உத்தியோகத்தில் திறமை தேடி, ஓய்வுக்குப் பின் தொண்டைத் தொடங்கியவர் ஒருவர். தம் அன்றாடத் தொழிலுக்குள்ளேயே தொண்டைக் கண்டவர் கைவினைஞர் சர்மா. உத்தியோகமும் தொண்டும் இரு தோள்களிலும் சுமந்தவர் மேத்தா. இளமையிலேயே ஊதியத்துடன் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் மதுரையின் கிராமத்துப் பெண்கள். இவற்றுள் எது உயர்ந்தது என்று வழக்காடுவதைவிட, தமக்கு எது இயலும் என்று ஆராய்தல் நலம்.

4. கைக்கொள்ளத்தக்க நெறிகள்

(அ) முதலில் ஒரு தொழிலைச் செவ்வனே கற்க வேண்டும். கணக்கு, மருத்துவ உதவி, கற்பித்தல், பொறியியல், சட்டம் என எதுவாயினும் ஆகுக. நல்ல எண்ணம் பலரிடம் உண்டு. சரியாகக் கணக்கெழுதத் தெரிந்தவரையே தொண்டு நிறுவனங்கள் தேடுகின்றன.

(ஆ) குடும்பத்தின் எல்லையை எழுதி வைக்க வேண்டும். வாடகை, உணவு, பெற்றோரின் மருந்து, கல்விக்கடன் ஆகியவற்றைக் கூட்டி மாதத் தேவையைக் காண்க. அது 25,000 ரூபாய் எனில், ஆறு மாதத்துக்குரிய 1,50,000 ரூபாயைச் சேமித்த பின்னர்க் குறைந்த ஊதியமுள்ள பணிக்குச் செல்லுதல் தக்கது. இவ்வளவு போதும் என்ற மேல் எல்லையையும் அத்தாளிலேயே எழுதுக. கீழ் எல்லை குடும்பத்தைக் காக்கும். மேல் எல்லை நோக்கத்தைக் காக்கும்.

(இ) சேருமுன் நிறுவனத்தை ஆராய வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் காட்டுகின்றனரா? ஊதியம் மாதந்தோறும் தவறாது கிடைக்கிறதா? வருங்கால வைப்பு நிதி உண்டா? ஐந்தாண்டுக்கு மேல் பணிபுரிவோர் எத்தனை பேர்? பணத்துக்கு ஒரே ஒரு கொடையாளரை நம்பியிருக்கின்றனரா? இவற்றைக் கேட்பது அவமரியாதை அன்று. இவற்றுக்கு விடை தர மறுத்து, "தொண்டு மனப்பான்மை இல்லையா?" என்று திருப்பிக் கேட்கும் இடத்தினின்று விலகுதல் நலம்.

(ஈ) உடலையும் மனத்தையும் பேண வேண்டும். ஓய்வு நாளில் ஓய்வெடுத்தல் குற்றமன்று. எல்லாத் துன்பத்தையும் தாமே துடைக்க முயல்பவர் விரைவில் சினமும் சலிப்பும் உடையவராகி, எவருக்கு உதவ வந்தாரோ அவரிடமே கடிந்து பேசத் தொடங்குவார். அது நுட்பமான ஓர் இம்சை.

(உ) தமக்குப் பின் வருவோரைப் பயிற்ற வேண்டும். "நான் இல்லாவிடில் இங்கு ஒன்றும் நடவாது" என்பது பெருமையன்று. அது நிறுவனத்துக்கு வந்த நோயின் அறிகுறி.

5. பெற்றோர்க்கும் நிர்வாகிகட்கும்

பெற்றோர்களே, உங்கள் மக்கள் தொண்டை விரும்பினால் உடனே மறுத்துவிடாதீர்கள். உடனே வாழ்த்தியும் அனுப்பிவிடாதீர்கள். மேற்கண்ட கணக்கை உடனிருந்து எழுதுங்கள். இரண்டாண்டு எனக் காலவரை வைத்து, அதன் முடிவில் மீண்டும் அமர்ந்து பேசுங்கள். அங்குக் கற்ற தொழில் வேறிடத்திலும் உதவும் என்ற துணிவு இருவர்க்கும் இருக்கட்டும்.

அறக்கட்டளைகளிலும் பள்ளிகளிலும் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களே, கட்டடத்துக்குக் கொடை வேண்டும்போது பணியாளரின் ஊதியத்துக்கும் சேர்த்து வேண்டுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும் கொடைக்கு முன்வருவோர் பலர். ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் கொடுப்போர் சிலரே. சுவர் நிலைப்பது சுண்ணாம்பால்; பள்ளி நிலைப்பது ஆசிரியரால்.

தொடக்கத்தில் கண்ட அந்தத் தந்தையின் வினாவுக்கு இனி மகள் விடை கூறலாம்: "நான் தொழிலைக் கற்றுக்கொண்டுதான் போகிறேன், அப்பா. நம் வீட்டுக் கணக்கையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் கணக்கையும் பார்த்துவிட்டேன். நீண்ட நாளைக்குத்தான்." அவ்விடையைக் கேட்கும் தந்தை, தாளை வாங்கிக் கூட்டலைச் சரிபார்க்கத் தொடங்குவார். அதுவே அவர் தரும் இசைவு.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மாவிரதத்துக்கும் அணுவிரதத்துக்கும் உள்ள வேறுபாடு தொண்டர்க்கு ஊதியம் வழங்குவதில் எவ்வாறு பொருந்துகிறது?

2. இலவச அறுவைக்கு மக்கள் வராமைக்குக் காரணங்கள் யாவை? உங்கள் ஊரில் இலவசமாகக் கிடைத்தும் பயன்படாத உதவி ஒன்றைக் கூறி, காரணம் ஆராய்க.

3. மதுரை, ஜெய்ப்பூர் நிறுவனங்களின் வருவாய் முறைகளை ஒப்பிடுக. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எம்முறை பொருந்தும்?

4. உங்கள் குடும்பத்தின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் வீட்டார் அனைவரும் கூடி எழுதிப் பார்க்க.